ஈயின் தலை தனி, உடம்பு தனி

நம் ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களை வளர்க்கும் ஈ அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் மணியம் எழுதுவது.

நான் வேலையிலிருந்து விடைபெற்ற அன்று கேக் வெட்டி முடித்ததும், “புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கண்ணே” என்றார்கள். எழுந்து நின்றேன். எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. “கவனமா வேலை செய்ங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனைவி, “அதைச் சொல்லவா எழுந்து நின்னீங்க?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். எழுதுவது கொஞ்சம் சுலபம். சுங்காய்ப் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் கடிதம் எழுதும் பழக்கம் விட்டுப் போகவில்லை.

ஈக்களுக்குத் தீனி எப்படிக் காய்ச்சுவது, அவை வளரும் போத்தலை எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை என் கூட்டாளி காதர் காட்டுவான். சோளமாவும் ஈஸ்டும் சீனியும் அகார்-அகாரும் போட்டுக் கிண்டுவதை அவனிடம் கற்றுக்கொண்டால், நாளைக்கு நீங்கள் கடையே வைக்கலாம். நான் எழுத நினைப்பது அந்த அறையில் நடந்த ஒரே ஒரு விஷயத்தை. அதில் காதரின் சொந்த விஷயமும் வருகிறது. எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். “எழுது மச்சான். ஆனா தஞ்சோங்க விட்டுடாதே. அதுதான் என் டிகிரி” என்றான்.

அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காதர் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்தவன். ஈப்போவில் அவன் அண்ணன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த காதர் ஒருநாள் பின்கட்டில் அரிசி மூட்டைமேல் போய் உட்கார்ந்தான். கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அப்படியே. மருத்துவமனையிலிருந்து தேறி வந்த பிறகு கடைக்குப் போகாமல் நம்மிடம் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தான். இந்தக் கதையை யாரும் கிசுகிசுப்பதற்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான். நம் ஊரில் யாராவது தப்பாக ஒன்று செய்தால், “தஞ்சோங்குக்கு அனுப்பணும்லா இவன” என்று சிரிப்பார்கள் இல்லையா? யாராவது அப்படிச் சொன்னால் காதர், “நான் போய்ட்டு வந்துட்டேன். புத்தி சரியாருக்குன்னு டாக்டரே எழுதிக் குடுத்துருக்காரு. உங்கிட்ட அப்படி ஒரு தாள் இருக்கா?” என்று கேட்பான். சொன்னவர் நகர்ந்துவிடுவார்.

காலையில் வந்ததும் தேத்தண்ணியோடு ஒரு மாத்திரை விழுங்குவான். எல்லார் முன்னாலும்தான். “இதுவும் நம்ம டாக்டரம்மா தேடுற சாமானுக்குத்தான் மச்சான்” என்பான்.

அந்தச் சாமான் செரோட்டோனின். ஈக்கும் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. தூக்கம், பசி, மனநிலை என்று பலவற்றில் அதற்குக் கை உண்டு. ஈ தின்னும் ஈஸ்டில் டிரிப்டோபன் என்று ஒரு சத்து இருக்கிறது. ஈ அதை எடுத்து இரண்டு படியில் செரோட்டோனினாக மாற்றிக்கொள்கிறது. முதல் படியைச் செய்ய ஒரு நொதி வேண்டும். அந்த நொதி மூளையில் உண்டாகாத ஒரு வம்சத்தை ஆய்வுக்கூடத்தை நடத்தும் நம் டாக்டர் வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தார். அந்தப் போத்தல்கள் இருந்த தட்டை நாங்கள் மூளைத் தட்டு என்று சொல்வோம். ஒன்று கெட்டால் மற்றது இருக்கட்டும் என்று அதே வம்சத்தில் ஒரு இருப்புத் தட்டும் வைத்திருந்தோம். நோஞ்சான் ஈக்கள். முட்டை குறைவாக இடும். தீனி கொஞ்சம் ஈரமானாலும் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். காதர் அவற்றுக்காகத் தனியாகத் தீனி காய்ச்சுவான். அது எல்லாருக்கும் தெரியும்.

வம்சம் என்றால் என்ன என்று உங்களுக்கு இதற்குள் சொல்லியிருப்பார்கள். விதையைப் போலக் காயவைத்துப் பெட்டியில் போட்டு வைக்க முடியாது. உயிரோடு ஒரு போத்தலிலிருந்து மறு போத்தலுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் வேறு வம்சத்து ஈ ஒன்று உள்ளே புகுந்து கலந்துவிட்டால் கலந்ததுதான். பிறகு அந்தப் பெயர் எழுதிய போத்தலில் என்ன இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டுரியான், செம்படாக் பழங்கள் வரும் பருவத்தில் இந்தப் பயம் அதிகம். பசாரில் பழம் வாங்கி வரும்போது நம் பையிலும் சட்டையிலும் தொற்றிக்கொண்டு காட்டு ஈக்கள் வந்துவிடும். அதனால்தான் கதவில் அந்த விதியை ஒட்டியிருக்கிறோம்: சந்தேகப்பட்ட தட்டு அன்றைக்கே பிரீசருக்குள் போக வேண்டும். இரக்கப்பட்டு ஒரு தட்டை வைத்திருந்து அறை முழுவதும் கெட்டுப்போன கதை மற்ற ஆய்வுக்கூடங்களில் உண்டு. அது நல்ல விதி. அதை நான் குறை சொல்லவில்லை.

தகப்பனாருக்கு இதய அறுவை சிகிச்சை ஆனபோது டாக்டர் கோலாலம்பூருக்குப் போயிருந்தார். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பொறுப்பைத் தர்ஷினியிடம் விட்டுப் போனார். சிலிம் ரிவர் ஊர்ப் பிள்ளை. வேதியியல் படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்காக எங்களிடம் வந்திருந்தது. கெட்டிக்காரி, மரியாதையானவள். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிக்கொள்ள மாட்டாள், எல்லாவற்றையும் தானே செய்துவிட வேண்டும் என்று நினைப்பாள். டாக்டர் திரும்புவதற்குள் மூளைத் தட்டு ஈக்களின் செரோட்டோனின் அளவை முதல்முறை எடுத்து முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஈக்களை அரைத்துச் சாறெடுத்து வேறொரு இடத்தில் இருக்கும் கருவிக்கு அனுப்பினாள்.

முடிவு வந்த அன்று மத்தியானம் அவள் ஈ அறைக்குள் வந்தபோதே முகம் சரியில்லை. நான் போத்தலுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன். காதர் பக்கத்து அறைத் தொட்டியில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தான். நடுவில் கதவு இல்லை.

“அண்ணே, மூளைத் தட்ட கடைசியா மாத்துனது யாரு?”

“காதர் மா. நான் சுங்காய்ல கல்யாணத்துக்குப் போயிருந்தேன்.”

“அதான்.” கையிலிருந்த தாளை மேசையில் வைத்தாள். “இந்த ஈல செரோட்டோனினே இருக்கக்கூடாதுண்ணே. இருக்கு. சாதாரண ஈல இருக்கிறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. கலந்துருக்கு.”

நான் பஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தேன்.

“அன்னைக்கு அவர் எப்படி இருந்தாரு? மாத்திரை போட்டா தூக்கக் கலக்கமா இருக்கும்லண்ணே? வேற போத்தல் ஈய மாத்தி ஊத்தியிருக்கலாம். அவரு வேணும்னு செஞ்சாருன்னு நான் சொல்லல.”

பக்கத்து அறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

தர்ஷினி குரலைத் தாழ்த்தவில்லை. அவள் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்ற நினைவே இல்லை. டாக்டர் நம்பி விட்டுப் போன வேலை கையை விட்டுப் போகிறது என்ற பயம் மட்டும்தான் இருந்தது. “ரெண்டு தட்டையும் பிரீசர்ல போட்டுருங்கண்ணே. இருப்புத் தட்டையும் சேத்து. அதையும் அன்னைக்கு அவர்தான் மாத்தினாரு. நான் ஆபீசுக்கு எழுதுறேன். அவர் கான்ட்ராக்ட் இந்த மாசக் கடைசியோட முடியுது. அடுத்து வேற ஆள் பாக்கச் சொல்லிடலாம்.”

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

காதர் ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றான். “போட்ரு மச்சான்.”

“நீ மாத்தி ஊத்துனியா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் போடச் சொல்ற?”

“போட்டா முடிஞ்சிரும்ல. அந்தப் பிள்ள சொன்னதுக்கு அப்புறம் நானே யோசிக்கிறேன், ஒருவேளை ஊத்திட்டேனோன்னு. எனக்கே தெரியலன்னா உனக்கு எப்படித் தெரியும்? போடுலா. சும்மா நிக்காத.”

இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு பிரீசருக்கு முன்னால் போய் நின்றேன். இந்த இடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். விதி சரியானது. சொன்னவள் பொறுப்பில் இருப்பவள். பழி சுமத்தப்பட்டவனே போடச் சொல்கிறான். ஒரு கையால் மூடியைத் திறந்து, உள்ளே வைத்து, மூடிவிட்டால் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு எப்போதுமே யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும். அதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் தட்டை வைக்கக் கை போகவில்லை. அந்த விதியில் சொல்லியிருக்கும் சந்தேகம் ஈயின் மேல் வரும் சந்தேகம். அன்றைக்கு அந்த அறையில் இருந்த சந்தேகம் முக்கால்வாசி ஒரு ஆளின் மேல். ஈக்களை யாரும் இன்னும் பார்க்கக்கூட இல்லை. தட்டு செத்துப்போனால் டாக்டருக்கு ஒரு வம்சம் நஷ்டம், இன்னொன்றை வரவழைத்துக்கொள்ளலாம். காதருக்கு என்ன ஆகும்? அவன் கலந்தானா இல்லையா என்று சொல்லக்கூடியது உலகத்திலேயே அந்த ஈக்கள்தான். அவை போய்விட்டால், மாத்திரை சாப்பிடுகிறவன், கவனம் இல்லாதவன் என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். வேலை போவது ஒரு பக்கம். அவனே அதை நம்பிவிடுவான். பாதி நம்பத் தொடங்கிவிட்டான்.

தட்டுகளைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தேன். சில போத்தல்களை லென்சுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஈயின் கண்ணிலும் இறகிலும் அந்த வம்சத்துக்கு இருக்க வேண்டிய அடையாளம் இருந்தது. வேறு ஈ எதுவும் கண்ணில் படவில்லை. தர்ஷினியின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டுவதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“போட்டுட்டீங்களாண்ணே?”

“இல்லமா. பாத்தேன். வேற ஈ எதுவும் தெரியல.”

“கண்ணுக்குத் தெரியாதுண்ணே. அது உள்ள இருக்கிற மரபணு. நீங்க லென்சுல பாத்துச் சொல்ல முடியாது.”

“அதான் மா. எனக்குத் தெரியாது.” அடுத்த வார்த்தை வருவதற்குள் காது சூடாகிவிட்டது. “உங்களுக்கும் உறுதியாத் தெரியாது. பிரீசர்ல போட்டுட்டா அப்புறம் டாக்டர் வந்தாலும் தெரியாது.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ரூல் என்னண்ணே?”

“மத்த தட்டுக்குப் பரவக்கூடாதுங்கறதுதானே மா ரூல். நான் ரெண்டையும் மூடிபோட்ட பெட்டில வச்சு, டேப் ஒட்டி, பின்னால இருக்கிற சின்ன ஸ்டோர்ல வச்சுடுறேன். அங்க வேற ஈ கிடையாது. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். காதர் தொட மாட்டான். நான் மட்டும் தீனி மாத்துறேன். டாக்டர் போன் பண்றவரைக்கும்.”

“டாக்டர்கிட்ட இத இப்ப சொல்லணுமா? அவங்க அப்பா ஐசியுல இருக்காரு.”

அவள் சொன்னதும் நியாயம்தான். நான் அங்கேயே நின்றேன். சில நேரம் பேசத் தெரியாதவன் நிற்பதும் ஒரு பேச்சுத்தான் போலிருக்கிறது. அவள் பெருமூச்சு விட்டு, “சரி, வைங்க. ஆனா ஆபீசுக்கு நான் எழுதத்தான் போறேன்” என்றாள்.

அடுத்த நாட்களில் காதர் போத்தல் கழுவினான். அவ்வளவுதான். கிண்டல் இல்லை, பாட்டு இல்லை. மத்தியானம் அவனுக்கும் எனக்குமாக அண்ணன் கடையிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வருவான். அந்த நாட்களில் எனக்கு மட்டும் வந்தது. “நீ சாப்டலையா?” என்றால், “சாப்டேன், நீ சாப்பிடு” என்பான். சாப்பிட்ட முகமாக இல்லை. காலையில் மாத்திரை எடுக்கிறானா என்று பார்த்தேன். எடுத்தான். ஆனால் பக்கத்து அறைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு விழுங்கினான். அதைப் பார்த்ததுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் எந்த ஊரில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை மாலை ஈ அறைக்குப் போன் செய்வார். இன்னும் அப்படித்தான் செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு எல்லாரும் சுற்றி நிற்போம். எல்லாரும் என்றால், தர்ஷினி பேசுவாள், காதர் குறுக்கே ஏதாவது சொல்வான், நான் தலையாட்டுவேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்று காதர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டரின் குரல் களைத்திருந்தது. அப்பா கண் விழித்துவிட்டார் என்றார். இங்கே எல்லாம் எப்படி என்று கேட்டார்.

“எல்லாம் ஓகே டாக்டர்” என்றாள் தர்ஷினி.

“காதர் எங்க? சத்தத்தையே காணோம்.”

காதர் தொட்டிப் பக்கம் நின்று ஒரே போத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தான். தர்ஷினி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் ஏதோ மருத்துவமனைச் சத்தம் கேட்டது.

என்ன சொல்வது? பிள்ளை அவசரப்பட்டுவிட்டது என்றா? அது கோள் சொல்வதாகிவிடும். காதர் செய்யவில்லை என்றா? எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

“டாக்டர், நான் மணியம். மூளைத் தட்டு ரெண்டையும் தனியாப் பிரிச்சு வச்சிருக்கேன். உயிரோட இருக்கு. ஏன்னு தர்ஷினி சொல்லுவாங்க.”

“மணியமா? நீங்களா பேசுறீங்க?” என்றார் டாக்டர். பிறகு, “சொல்லும்மா” என்றார்.

தர்ஷினி சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். முடிவில் வந்த அளவு, தனக்கு வந்த சந்தேகம், ஆபீசுக்கு எழுதி வைத்து இன்னும் அனுப்பாத கடிதம், எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அரைச்சது தலையா, முழு ஈயா?”

தர்ஷினி மேசையிலிருந்து நிமிர்ந்தாள். “முழு ஈ, டாக்டர்.”

“ம்.”

“படிச்சிருக்கேன் டாக்டர். உடம்புக்கு வேற நொதின்னு படிச்சிருக்கேன். முடிவப் பாத்ததும் பயத்துல எதுவுமே ஞாபகத்துக்கு வரல. யார் கலந்ததுன்னுதான் முதல்ல தோணுச்சு.”

“எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணியிருக்கும்” என்றார் டாக்டர். அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “சரி, இப்பவும் நமக்குத் தெரியாது. கலந்திருக்கலாம், கலக்காமலும் இருக்கலாம். தலைய தனியா, உடம்ப தனியா எடுத்து அனுப்பு. சாதாரண ஈலயும் அதே மாதிரி. அனுப்புற போத்தல்ல பேர் எழுதாத, அடையாளம் மட்டும் போடு. அளக்கிறவங்களுக்கு எது எதுன்னு தெரிய வேணாம். முடிவு வர்ற வரைக்கும் யாரப் பத்தியும் எதையும் அனுப்பாத.” பிறகு, “தலை பிரிக்கிறத காதர் செய்யட்டும். அவர் கைதான் அதுக்குச் சரி. நீ பக்கத்துல நில்லு” என்றார்.

காதர் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து கேட்டான். “டாக்டர், எனக்குப் புரியுற மாதிரி ஒரு தடவ சொல்லுங்க. தலைக்கும் உடம்புக்கும் என்ன தகராறு?”

அப்போது டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். ஈ செரோட்டோனினை இரண்டு இடத்தில் உண்டாக்குகிறது. மூளையிலும் நரம்பிலும் ஒரு நொதி. மற்ற உடம்பில் வேறொரு நொதி. இரண்டுக்கும் தனித்தனி மரபணு. உடம்பில் இருக்கும் நொதிக்கு வேறொரு வேலையும் உண்டு, அதோடு சேர்த்து இதையும் செய்கிறது. இரண்டாம் படி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மூளையில் செய்யும் நொதி இல்லையென்றாலும் உடம்பு தன் பங்கைத் தானே செய்துகொள்ளும். முழு ஈயை அரைத்தால் உடம்பில் இருப்பது தலையில் இல்லாததை மறைத்துவிடும். மனிதர்களுக்கும் இப்படித்தான் என்றார். மூளைக்கு ஒரு நொதி, குடலுக்கு வேறொன்று. நம் உடம்பில் இருக்கும் செரோட்டோனினில் பெரும் பங்கு வயிற்றுப் பக்கம்தான் இருக்கிறதாம்.

“அதான் மாத்திரை தொடங்குனப்ப மனசுக்கு முன்னாடி வயிறு கலக்குச்சா” என்றான் காதர். பல நாளுக்குப் பிறகு அவன் குரல் கொஞ்சம் மேலே வந்தது. “இது எங்கண்ணன் கடை மாதிரிலா டாக்டர். முன்னால தேத்தண்ணி ஆத்துற ஆள் இருக்கான். பின்னால சமையக்கட்டுல அவங்களுக்கு வேண்டியத அவங்களே போட்டுக்குவாங்க. முன்னால உள்ளவன வீட்டுக்கு அனுப்பிட்டு, கடை பூரா தேடிப் பாத்தா தேத்தண்ணி இருக்கத்தான் செய்யும். கிளாஸ் எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்கணும்.”

போனில் டாக்டர் சிரித்தார். தர்ஷினி சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

மறுநாள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். ஈக்களைச் சட்டென்று உறைய வைத்துக் குலுக்கினால் தலை கழன்றுவிடும், பிறகு சல்லடையில் பிரிக்கலாம். பலமாகக் குலுக்கினால் உடம்பும் நொறுங்கித் தலையோடு கலந்துவிடும். மெதுவாகக் குலுக்கினால் தலை கழலாது. எவ்வளவு என்பது கையில்தான் இருக்கிறது. காதர் குலுக்கினான், சலித்தான். அவன் நெற்றியில் வியர்வை. குளிர் அறையில் வியர்வை. அவன் பயத்தை நான் பார்த்தேன். இந்த முறை வரும் முடிவு அவன் பக்கம் இல்லையென்றால், அதற்குப் பிறகு அவனுக்காகக் கேட்க ஆள் கிடையாது.

“மெதுவாண்ணே” என்றாள் தர்ஷினி ஒரு தரம்.

“தங்கச்சி, ரமலான் மாசம் கடைல ஊருக்கே மாவு சலிச்ச கை இது.”

அவள் அடுத்த சல்லடையை எடுத்து நீட்டினாள்.

முடிவு வரும்வரை காத்திருந்ததைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஸ்டோருக்குச் சாவி வாங்கிக்கொண்டு போவேன், பெட்டியைத் திறப்பேன், தீனி மாற்றுவேன். ஈக்கள் போத்தல் சுவரில் ஏறும், விழும், மறுபடியும் ஏறும். காதர் வாசலுக்கு வெளியே நின்று, “எப்படி இருக்கு?” என்பான். “இருக்கு” என்பேன். உள்ளே வரமாட்டான். நான் வா என்று சொல்லவும் இல்லை. தர்ஷினி முன்னால் தலை பிரித்தது வேறு; உயிருள்ள தட்டை அவன் தொடமாட்டான் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். நண்பன் என்பதற்காக அதைத் தளர்த்தியிருந்தால் பிறகு வரும் முடிவுக்கு மதிப்பு இருந்திருக்காது. இது காதருக்கும் புரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றி அவன் ஒருநாளும் கேட்கவில்லை.

முடிவு வந்த அன்று தர்ஷினி தாளைக் கையில் வைத்துக்கொண்டு நேராகத் தொட்டிப் பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன்.

“தலைல இல்லண்ணே. இல்லன்னே சொல்லிடலாம். உடம்புல இருக்கு. இருப்புத் தட்டும் அப்படியேதான். எதுவும் கலக்கல.”

காதர் குழாயை மூடினான். கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“நான் மாத்திரையப் பத்திப் பேசியிருக்கக் கூடாது” என்றாள் அவள். “கலந்துருக்குன்னு நினைச்சது வேற. அது வேலை. மாத்திரையப் பத்திப் பேசினது தப்புண்ணே.”

காதர் அவளைப் பார்த்தான். “நல்ல மாத்திரை தங்கச்சி அது. வெள்ளையா, சின்னதா இருக்கும். இந்தப் படிப்புல உனக்கு எப்பவாச்சும் தேவப்பட்டா சொல்லு, கிளினிக்குக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அங்க எனக்கு எல்லாரையும் தெரியும்.”

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். தர்ஷினி இப்போது பினாங்கில் நல்ல வேலையில் இருக்கிறாள். அவளுக்குக் கீழே வேலை செய்பவர்களிடம், முடிவு தப்பாக வந்தால் ஆளைக் கேட்பதற்கு முன்னால் முறையைக் கேளுங்கள் என்று சொல்வாளாம். அதை அவளே எனக்கு எழுதியிருந்தாள்.

உங்களுக்கும் ஒருநாள் அப்படி ஒரு தட்டு கையில் வரும். விதியைச் சொல்பவர் சரியாகச் சொல்வார், நேரம் இருக்காது, எல்லாரும் சீக்கிரம் முடித்துவிட விரும்புவார்கள். அப்போது அந்த விதி எதற்காக வந்தது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். பரவக்கூடாது என்பதற்காக என்றால், பரவாமல் செய்துவிட்டு மீதியை உயிரோடு வைத்திருக்கலாம். திரும்ப எடுக்க முடியாத காரியத்தைக் கடைசியில் செய்துகொள்ளலாம். என்னால் இதற்குமேல் சொல்ல முடியவில்லை.

முடிவு வந்த அன்று வேலை முடிந்து மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் காதர் எனக்காகக் காத்திருந்தான். மழை வரும்போல இருந்தது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

“மச்சான், ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லு. நான் கலக்கலன்னு நீ நம்புனியா?”

நம்பினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தை நின்றுவிட்டது.

“இல்ல காதர். கலந்திருப்பேன்னும் நினைக்கல, கலக்கலன்னும் நினைக்கல. எனக்குத் தெரியாதுன்னுதான் இருந்துச்சு. அதான் பிரீசர்ல போடல.”

அவன் ஹெல்மெட்டைச் சுழற்றுவதை நிறுத்தினான். நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன்.

“எங்கண்ணன் என்னை ரொம்ப நம்புறவன்லா” என்றான். “தம்பி மேல எனக்கு நம்பிக்கை இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவான். ஆஸ்பத்திரியிலருந்து வந்த அப்புறம் ஒருநாள்கூட என்னைக் கல்லாவுல உக்கார விட்டதில்ல.”

ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்துக்கொண்டான்.

“நீ நம்பல. ஈய மட்டும் சாக விடாம வச்சிருந்த.” வண்டியைக் கிளப்பினான். “நாளைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வேணும் உனக்கு? மீனா, கோழியா?”

“மீன்” என்றேன்.